சிப்பிக்கு ஒரு தனிச் சட்டி

திருகோணமலை,
2025 ஜூலை 6

அன்பின் வசந்தி,

போன ஞாயிறு நீ போனில் கதைத்தபோது இஞ்ச கச்சான் காற்று அடித்த அடியில் பாதிப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாய்க் கேட்டது. "சிப்பிக்கு என்ன அனுப்ப? இங்க வயசுபோன நாய்களுக்கெண்டே விதவிதமாய்ப் பைக்கற்றில விக்கிறாங்கள்" என்றாய். அதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். பைக்கற் ஒன்றும் அனுப்பாதே. வேறொன்று கேட்கப் போகிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவளைப் பற்றி. டச்பே கரையில் கவிழ்த்து வைத்திருந்த தோணிக்கு அடியில் இருந்து நீ அவளைத் தூக்கி வந்தது 2012 ஜூலையில். அப்போது உள்ளங்கையில் அடங்கினாள். இந்த மாதத்தோடு பதின்மூன்று வயது. பின்னங்கால் இரண்டும் மூட்டுவாதத்தில் விறைத்துப் போகின்றன. காலையில் எழும்பி நாலு அடி வைக்கும் வரைக்கும் பார்க்கப் பாவமாய் இருக்கும், நடக்க நடக்கக் கொஞ்சம் இளகி வரும். விறாந்தையின் மாபிள் வழுக்குகிறது என்று அரிசிச் சாக்குகளை விரித்து அவளுக்கு ஒரு பாதை போட்டிருக்கிறேன். கண்ணில் நீலப் புகை படர்ந்திருக்கிறது. கற்றாக்ட் என்று பயந்தேன். அது இல்லை, வயது போகப் போக வில்லை இறுகுவதால் வரும் மங்கல், இன்னும் பார்வை இருக்கிறது என்றார் மிருக வைத்தியர். காது மட்டும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. கூப்பிட்டால் வரமாட்டாள், நிலத்தில் காலால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த அதிர்வுக்குத் தலை தூக்குவாள்.

கோட்டைப் பக்கத்து மான்களை அவள் துரத்தின துரத்து உனக்கு நினைவிருக்கும். இப்போது பின்நேரம் கூட்டிக்கொண்டு போனால் மானும் நிற்கும், இவளும் நிற்பாள், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்குங்கள். பிறகு தன்பாட்டில் திரும்பி வந்துவிடுவாள்.

பன்னிரண்டு வருடம் நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்று யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. மத்தியானச் சோற்றில் மிச்சம், அதன்மேல் மீன்குழம்பு, சொதி, ஒரு துண்டுக் கருவாடு. ஞாயிற்றுக்கிழமை எலும்பு. ஆசையாய்த் தின்றாள், நானும் ஆசையாய்ப் போட்டேன். முப்பது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள், பிள்ளைகளுக்குப் போசாக்கு அட்டவணை கீறச் சொல்லிக் கொடுத்தவள், என் காலடியில் கிடந்த சீவனுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று ஒரு நாள் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்க வைத்தது ஒரு கலியாண வீட்டுக் கேக். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கலியாணத்தில் தந்த ரிச் கேக்கில் ஏழெட்டுத் துண்டை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வர, தாள் முதற்கொண்டு ஒன்றும் இல்லை. அதில் பிளம்ஸ், அதுதான் காய்ந்த முந்திரிகை (திராட்சை), நிறைய இருக்கும், உனக்குத் தெரியும்தானே. மருமகள்தான் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். ஓட்டோ பிடித்து அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுபோனோம். ஊசி போட்டுச் சத்தியெடுக்க வைத்தார்கள், இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள், தப்பினாள்.

முந்திரிகைப் பழமும் அதைக் காயவைத்த பிளம்சும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று 2021க்குப் பிறகு மிருக வைத்தியர்கள் பலமாய்ச் சந்தேகிக்கிறார்கள். அதே அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது, வசந்தி. எங்கள் வீட்டில் புளி விடாத மீன்குழம்பு எங்கே இருக்கிறது? வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை உடைக்கும், காய்ச்சினாலும் தூளாக்கினாலும் அந்தக் குணம் போகாது. அவித்த எலும்பு குத்தூசியாய் உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்லேட்டும் ஆகாது. இத்தனையையும் கேட்டுக்கொண்டு அந்த வாங்கில் இருந்தபோது, இவள் பன்னிரண்டு வருடம் என்னிடம் உயிர் தப்பியிருந்தாள் என்றுதான் தோன்றியது.

அந்தச் சாட்டில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியற்றினின் என்கிற கழிவுப்பொருள் சற்றுக் கூடியிருந்தது. பிறகு ஆறுதலாய் இரண்டாம் முறை பார்த்தபோதும் அப்படியே. கேக்கால் வந்தது அல்ல, வயதால் சிறுநீரகம் தளரத் தொடங்கியிருக்கிறது, ஆரம்பக் கட்டம்தான் என்றார் வைத்தியர். உப்பையும் பொஸ்பரசையும் குறைக்கச் சொன்னார். புரதத்தைக் கண்டபடி வெட்ட வேண்டாம், கிழவிக்குத் தசை கரைந்துவிடும், அளவை நான் சொல்கிறேன் என்றார். கருவாடு, எலும்பு, ஈரல், முட்டித் தயிர், அவளுக்கு உயிரான எல்லாம் ஒரே நாளில் நின்றன. மூன்று நாள் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். அந்த மூன்று நாளும் எனக்கும் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் குசினியில் அவளுக்கென்று ஒரு தனிச் சட்டி வைத்தேன்.

முதலில் குரக்கன் (கேழ்வரகு) மாவில்தான் செய்தேன். நீரிழிவுக்காரருக்கு நல்லது, எலும்புக்கு நல்லது என்று நாங்கள் எல்லாரும் கொண்டாடுகிற தானியம் அல்லவா. வைத்தியரிடம் சொல்ல, "ரீச்சர், அதை விடுங்கோ, வெள்ளை அரிசியைவிட அதில பொஸ்பரஸ் கூட" என்றார். எங்களுக்குத் தவிட்டரிசியும் குரக்கனும் நல்லது, இவளுக்கு வெள்ளை அரிசி நல்லது. இதை ஏற்றுக்கொள்ள என் படிப்புக்குக் கொஞ்ச நாள் எடுத்தது.

இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன், உன் அயல்வீட்டுக்காரியும் கேட்டாள் என்றாயே. திருக்கடலூரில் கரைவலை இழுத்த நாட்களில் சைக்கிள்காரர் சாளை கொண்டு வருவார். 150 கிராம் போதும். தலை, குடல் நீக்கி, உப்பில்லாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பொஸ்பரசில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும் என்பதால். மீனைப் பச்சையாய் ஒருநாளும் கொடுக்காதே. முள்ளை விரலால் தடவித் தடவி எடுப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் இருந்து செய்கிற வேலை அது, அவசரப்பட்டால் ஒன்று தப்பிவிடும். பிறகு அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு கோப்பை, வெள்ளை அரிசிமா ஒரு கோப்பை, இரண்டு முட்டையின் வெள்ளை. மஞ்சட்கரு வேண்டாம், பொஸ்பரஸ் அதில்தான் இருக்கிறது, வெள்ளையில் மிகக் குறைவு. உப்பு, சீனி, தூள், தேங்காய்ப்பூ எதுவும் இல்லை. தேங்காயின் கொழுப்பு வயதுபோன நாயின் வயிற்றுக்குப் பாரம்.

எல்லாவற்றையும் பிசைந்து நாவற்பழ அளவில் உருட்டி, நீத்துப்பெட்டியில் வைத்து இருபது நிமிடம் அவிப்பேன். அவணும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பிட்டுக்கு ஆவி வருகிற அதே நீத்துப்பெட்டிதான், ஆனால் அவளுக்கு ஒன்று தனியாய் வாங்கினேன், அம்மாவின் பழையதில் வெங்காய மணம் ஊறிக் கிடக்கும். ஒரு தடவைக்கு 120 உருண்டை மட்டில் வரும். மூன்று நாளைக்கு உரியதைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு மிச்சத்தை உறையப் போட்டால் ஒரு மாதம் இருக்கும்.

கணக்கையும் பார். பதினாலு கிலோ கிழவிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, அதாவது 60. ஒரு முழு முட்டையே 70 தாண்டும். என் உருண்டை ஒன்று எட்டுக் கலோரி மட்டில் வருகிறது, ஆகவே நாளுக்கு ஏழு, எட்டாவது இல்லை. ஒரு கிலோ நிறை கூடினாலும் அந்தப் பின்னங்கால்கள்தானே சுமக்க வேண்டும்.

உன் அயல்வீட்டுக்காரி கச்சான் (நிலக்கடலை) பட்டர் போட்டுப் பிஸ்கட் சுடுகிறாள் என்றாய். போத்தலின் பின்பக்கத்தைக் கட்டாயம் வாசிக்கச் சொல். சீனிக்குப் பதிலாய்ச் சைலிட்டோல் என்று ஒன்றைச் சிலதில் சேர்க்கிறார்கள், பேர்ச் சீனி என்றும் எழுதியிருக்கும். எங்களுக்கு அது ஒன்றும் செய்யாது. நாய்க்குச் சிறிதளவு போனாலே இரத்தத்தில் சீனி சட்டென்று விழுந்துவிடும், ஈரலும் பழுதாகும். அதோடு, வீட்டில் கால்நோவுக்கு வைத்திருக்கிற இபுபுரூபன் மாதிரி மனிசருக்கான குளிசையை நாய்க்குப் பாதி உடைத்துக் கொடுக்கிற பழக்கம் அங்கேயும் இருந்தால் நிற்பாட்டச் சொல். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

குளிசை என்றதும் நினைவு வந்தது. அவளுக்கு மாத்திரை கொடுப்பது முன்பெல்லாம் சண்டை. இப்போது மூன்று உருண்டையைக் கையில் எடுப்பேன். முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதற்குள் மாத்திரை, மூன்றாவதை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டே இரண்டாவதைக் கொடுத்தால், அதைப் பிடிக்கிற அவதியில் மெல்லாமல் விழுங்கிவிடுவாள். சாப்பாட்டோடு கொடுக்கலாமா என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் கேட்டுக்கொண்டுதான்.

கொடுக்க முன் கொதிநீர்க் கோப்பையின் மேல் தட்டை வைத்து உருண்டையைச் சற்று வெதுவெதுப்பாக்குவேன். இளஞ்சூட்டில்தான் மணம் எழும்பும். காது போய், கண் மங்கின பிறகு அவளுக்கு மிச்சமாய் இருப்பது மூக்கு ஒன்றுதான், வசந்தி. நான் அவளோடு கதைக்கிறதெல்லாம் இப்போது அதற்குள்ளால்தான். என் வீட்டுக்காரரின் பழைய சாரம் ஒன்று வைத்திருந்தேன், தெரியுமா, அந்த நீலக் கட்டம் போட்டது. அதை மடித்து, மடிப்புக்கு ஒன்றாய் நாலு உருண்டையை ஒளித்து விறாந்தையில் வைப்பேன். மூக்கால் ஒவ்வொரு மடிப்பாய்க் கிளறி எடுப்பாள். பத்து நிமிடம் வேலை. உருண்டை எல்லாம் முடிந்த பிறகும் சில நாள் அந்தச் சாரத்துக்குள்ளேயே மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அவர் போய் ஐந்து வருடம். எத்தனை தரம் தோய்த்த துணி அது. எனக்கு ஒரு மணமும் வரவில்லை, அவளுக்கு வருகிறதோ என்னவோ, நான் அதை இழுத்து எடுப்பதில்லை.

மற்றச் செய்திகள் அதிகம் இல்லை. உவர்மலை வீட்டை அண்ணா விற்கவில்லை, மனம் வரவில்லையாம். சண்முகாவில் எங்களோடு படித்தவர்களில் இஞ்ச இன்னும் ஆறு பேர் இருக்கிறோம், வெள்ளிக்கிழமைகளில் காளி கோயிலில் காண்போம். எல்லாரும் உன்னை விசாரிப்பார்கள். என் முழங்காலும் சிப்பியின் முழங்காலும் ஒரே மாதிரி. படியிறங்கும்போது ஒருவருக்காக ஒருவர் நிற்கிறோம்.

இனி, கேட்பதாய்ச் சொன்னதைக் கேட்கிறேன். நீ இரண்டு மூன்று நாள் விடாமல் உடுத்த ஒரு பழைய சோட்டியோ சால்வையோ, தோய்க்காமல், காற்றுப் போகாத பைக்குள் இறுக்கிக் கட்டி அனுப்பு. சவர்க்காரமும் வாசனைத் திரவியமும் படாதது. அந்த முதல் மாதம் முழுக்க அவள் படுத்தது உன் மடியில். நீ போன பிறகு நீ விட்டுப்போன துவாயை ஒரு வருடம் இழுத்துக்கொண்டு திரிந்தாள். அதுக்குள்ளும் நாலு உருண்டையை மடித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

புரட்டாதியில் வருகிறேன் என்றாய். முடிந்தால் கொஞ்சம் முந்தி வா. வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால் குளிரில் அவளின் கால் இன்னும் மோசமாகும், கடற்கரைக்குக் கூட்டிப் போக ஏலாது. அந்தத் தோணி கிடந்த இடத்துக்கு உன்னோடு ஒருக்கா அவளை நடத்திக்கொண்டு போக ஆசை.

மணி நாலாகிறது. சாக்குப் பாதையால் மெல்ல மெல்ல வந்து என் பாதத்தில் நாடியை வைத்துவிட்டாள். இண்டைக்கு இன்னும் இரண்டு உருண்டை அவளுக்குப் பாக்கி இருக்கிறது. எழும்புகிறேன்.

அன்புடன்,
உன் கமலா