தட்டைத் தனியாகக் கழுவ வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் இதழில் டிமென்ஷியா என்ற மறதி நோய் பற்றி வந்த கட்டுரைக்கு 'தொற்றாகப் பரவும் மறதிப் புரதம்' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். கட்டுரை மோசம் என்று சொல்ல மாட்டேன், பொறுமையாக முழுதும் படித்தவருக்கு விஷயம் ஓரளவு பிடிபட்டிருக்கும். ஆனால் யாரோ தலைப்பை மட்டும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டு, அது ஊரெல்லாம் சுற்றி எங்கள் வீட்டு அடுப்படிக்கே வந்து சேர்ந்துவிட்டது. என் கணவருக்கு அந்த மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் அன்றைக்குக் கையில் போனோடு வந்து நின்று, "டீச்சரம்மா, சார் சாப்பிட்ட தட்டை நான் கழுவுனா எனக்கும் வந்துருமா? வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு" என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுநாளிலிருந்து பத்து நாள் வரவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தொற்று என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? கொரோனா, அம்மை, காசநோய். நீங்கள் அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். 1982இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புருசினர் 'பிரியான்' என்று ஒரு பெயர் வைத்தார், தானும் கோணலாக மடிந்து பக்கத்தில் இருக்கும் அதே வகைப் புரதத்தையும் கோணலாக்கும் புரதத்துக்கு. 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமரில் மூளைக்குள் முடிச்சு முடிச்சாகச் சேரும் டௌ புரதமும் கிட்டத்தட்ட அந்த மாதிரி நடந்துகொள்கிறது என்பதால் விஞ்ஞானிகள் 'பிரியான் போல' என்று எழுதுகிறார்கள். அந்தப் 'போல' உங்கள் தலைப்புக்கு வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். டௌ அடிப்படையில் கெட்ட புரதம் இல்லை என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் எல்லோருடைய நரம்புச் செல்லிலும் அது உண்டு. 1975இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டுபிடித்தபோது மறதி நோயோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. செல்லுக்குள் நுண்குழல்கள் என்று நீள நீளமாக இருக்கும், அவற்றின் மேல்தான் சரக்குப் போக்குவரத்து நடக்கிறது. கட்டடத்துக்கு மூங்கில் சாரம் கட்டும்போது கயிறு என்ன வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அந்த வேலையை அந்தக் குழல்களுக்கு டௌ செய்கிறது. நோயில் கயிறு மூங்கிலை விட்டு நழுவி, ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்கிறது. 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியான அகுஸ்டே டேட்டரின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்ட முடிச்சுகள் இவைதான்.

சிக்கு ஒரு செல்லோடு நின்றிருந்தால் பெரிய பாதிப்பு இருந்திருக்காது. 2009இல் சுவிட்சர்லாந்தின் பாசல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, டௌ முடிச்சு இருந்த எலியின் மூளைச் சாற்றை எடுத்து, முடிச்சே விழாத வகை எலியின் மூளைக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். அங்கும் முடிச்சு விழுந்தது, ஊசி போட்ட இடத்திலிருந்து மெல்ல அக்கம்பக்கத்துக்கும் போனது.

இங்கேதான் உங்கள் கட்டுரை 'டௌ செல்லுக்குள் படையெடுக்கிறது' என்கிறது. நடப்பது நேர் எதிர். ஒரு நரம்புச் செல் வெளியே விட்ட டௌவை அடுத்த செல் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன, டௌ அதில் ஒட்டிக்கொள்ளும். எல்ஆர்பி1 என்று ஒரு வாங்கிப் புரதமும் இருக்கிறது, கொழுப்பைச் சுமந்து வரும் துகள்களை உள்ளே எடுப்பது அதன் வழக்கமான வேலைகளில் ஒன்று. கலிஃபோர்னியாவில் கென்னத் கோசிக் குழு 2020இல் நேச்சர் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான்: எல்ஆர்பி1 அளவைக் குறைத்தால் செல் டௌவை எடுப்பதும் குறைகிறது, எலி மூளையில் டௌ பரவுவதும் குறைகிறது. அதாவது பால்காரருக்கு வைத்த கதவு வழியாக வேறு ஆள் வருகிறார், கதவைத் திறப்பது நாமேதான்.

உள்ளே வந்ததும் டௌ செல்லுக்குள் சுதந்திரமாகச் சுற்றுவதில்லை. செல்லின் சவ்வே உள்மடிந்து ஒரு சின்னப் பையாகி அதை அடைத்துவிடுகிறது. அந்தப் பையை மோட்டார் புரதங்கள் நுண்குழல் வழியாக இழுத்துக்கொண்டு போய் லைசோசோமில் சேர்க்கின்றன, அது அமிலம் நிறைந்த குப்பைக்கிடங்கு. பெரும்பகுதி கதை அங்கேயே முடிந்துவிடும். (டௌ எந்தக் குழலைக் கட்டிக் காக்க வேண்டியதோ அதே குழலின் மேல் கைதியாகப் போகிறது பாருங்கள். வகுப்பில் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லையே என்றிருக்கிறது.) ஆபத்து, எப்போதாவது ஒரு துளி அந்தப் பையிலிருந்து கசிந்து செல்லின் திரவத்துக்குள் போய்விடும்போது. அங்கே அந்தச் செல்லின் சொந்த டௌ இருக்கிறது.

அதற்கப்புறம் நடப்பதை முதலில் நான் அந்தப் பெண்ணுக்கு உறைமோரை வைத்துச் சொன்னேன், ஒரு துளி விட்டால் பானைப் பால் முழுக்க உறைவது மாதிரி என்று. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, உறைமோரில் இருப்பது உயிருள்ள கிருமி, எந்தப் பயத்தைப் போக்கப் போனேனோ அதையே கூட்டிவிட்டேன். பனங்கற்கண்டுதான் சரி. பதநீர்ப் பாகில் நூலைக் கட்டித் தொங்கவிட்டால் முதல் மணியைப் பிடித்துக்கொண்டு மற்றவை சேரும். கசிந்த டௌவைப் பிடித்துக்கொண்டு செல்லின் சொந்த டௌ சேருவதும் அப்படித்தான். அதில் உயிர் எதுவும் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கத்தவர் என்பதால் இதைச் சொன்னதும் புரிந்துகொண்டார்.

உள்ளே எடுப்பதும் பையிலிருந்து கசிவதும் இரண்டு வேறு கட்டங்கள் என்பது 2022இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில் இன்னும் தெளிவானது. நரம்புச் செல்லின் சவ்வில் கொலஸ்ட்ராலை எடுத்துவிட்டால் டௌ சுலபமாகக் கசிகிறது, சேர்த்தால் கசிவு குறைகிறது, முடிச்சு விழுவதும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. உடனே யாரும் நெய்யை அள்ளி ஊற்ற வேண்டாம், கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்! இது ஆய்வகத்தில் வளர்த்த செல்லில் பார்த்தது, தவிர மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது. இதையும் தலைப்பாக்கிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படி ஒரு செல்லிலிருந்து அதோடு இணைந்த செல்லுக்கு என்று போவதால்தான் நோய்க்கு ஒரு வழித்தடம் இருக்கிறது. 1991இல் மூளை ஆராய்ச்சியாளர்களான ஹைகோ பிராக்கும் ஏவா பிராக்கும் அதை ஆறு கட்டங்களாகப் பிரித்தார்கள், நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸின் வாசலில் ஆரம்பித்துக் கடைசியில் மூளையின் மேற்பட்டை வரை. என் கணவருக்கு முதலில் போனது காலையில் சாப்பிட்டது என்ன என்பது, ரொம்பக் கழித்துத்தான் சொற்கள் போயின. நுழைவை எந்த இடத்தில் மறிப்பது என்பதுதான் மருந்து தேடுபவர்களின் கேள்வி. செல்லுக்கு வெளியே டௌவைப் பிடிக்கச் செய்த முதல் ஆன்டிபாடி மருந்துகளில் சில, சோதனையில் தோற்றன. டௌ உற்பத்தியையே குறைக்கும் மருந்துகள் இன்னும் சோதனையில் இருக்கின்றன. உங்கள் கட்டுரை இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

சரி, ஆளிடமிருந்து ஆளுக்கு வந்ததே இல்லையா என்றால், மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பிரிட்டனில் 1959 முதல் 1985 வரை, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இறந்தவர்களின் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகப் போட்டார்கள். அதில் சிலவற்றில், அல்சைமரில் டௌவைப் போலவே மூளையில் சேரும் இன்னொரு புரதமான அமிலாய்டு கலந்திருந்தது. அப்படிப் போட்டுக்கொண்டவர்களில் ஐந்து பேருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து அல்சைமர் அறிகுறிகள் தெரிந்ததாக லண்டன் குழு ஒன்று 2024இல் எழுதியது. பிணத்திலிருந்து எடுத்து வருஷக்கணக்காக ஊசி போட்டால்தான் இதுவும் நடந்தது. அந்தச் சிகிச்சையே 1985இல் நின்றுவிட்டது. தொடுவதாலோ பராமரிப்பதாலோ வராது என்று அந்தக் குழுவே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எச்சில் தட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் அவர்களுக்கு ஊட்டி, வாய் துடைத்து, குளிப்பாட்டிவிடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் போனுக்கு உங்கள் தலைப்பு போயிருக்கும்?

எங்கள் வீட்டுக்கு அந்தப் பெண் இப்போது மறுபடி வருகிறார். ஆனாலும் என் கணவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாகத்தான் கழுவி வைக்கிறார், நான் பார்க்காத நேரமாகப் பார்த்து. தலைப்பு தப்பு என்று அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். வெட்டி எடுத்து அடுப்படியில் ஒட்டிக்கொள்கிறேன், நான் சொல்வதைவிட அச்சில் வந்ததைத்தான் அவர் நம்புகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை