ஒளிப்படச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் பணிவான வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் மதுரைச் சங்கத்தில் நடந்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. 1839-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதிக்கும் டாகேரோடைப் முறை பாரிசில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதை நினைவுகூரும் உலக ஒளிப்பட நாளில் மூத்த உறுப்பினர் ஒருவர் உரையாற்றினார். சித்திரைத் திருவிழாவிலும் தைத் தெப்பத்திலும் உறுப்பினர்கள் வழக்கம்போல் படமெடுத்தனர். அச்சுப்படக் கண்காட்சி, அரங்கு அமையாததால் இவ்வாண்டு நடைபெறவில்லை.

மாடல்களைக் கொண்டு வெளிப்புறத்தில் உருவப்படம் எடுக்கும் பயிற்சி, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், கீழக்குயில்குடியில் சமணர் மலையடிவாரத்துத் தாமரைக்குளம், வைகைக் கரை ஆகிய இடங்களில் மொத்தம் ஆறு முறை நடந்தது. முந்தைய ஆண்டில் இது பத்து முறை நடந்தது. இந்தக் குறைவைப் பற்றிச் சிலர் தலைவரிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள் என்பதை அறிவேன். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்த படங்களை உட்கார்ந்து பேசும் படக்கூடலுக்கு ஒதுக்கியவன் நான்தான் என்பதால், அதற்கான காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கே உண்டு.

சென்ற ஆண்டு ஏப்ரலில், சங்கக் கணினியில் சேர்ந்திருந்த மூன்று ஆண்டுப் படங்களை நான் வரிசையாகப் பார்த்தேன். 50 மி.மீ. லென்ஸ் வைத்திருந்தவர்கள் 85 மி.மீ.க்கு மாறியிருந்தார்கள், பின்புலம் முன்னைவிட அழகாகக் கரைந்திருந்தது. ஆனால் கண்குழியில் விழுந்த நிழல், தலைக்குப் பின்னால் முளைத்த மின்கம்பம், மணிக்கட்டில் வெட்டுப்பட்ட கை, புல்தரையிலிருந்து தாடைக்கு ஏறிய பச்சை நிறம் எல்லாம் முதலாண்டில் இருந்தபடியே மூன்றாம் ஆண்டிலும் இருந்தன. இத்தனைக்கும் அந்தப் படங்களை நாம் ஒருவருக்கொருவர் காட்டாமல் இருந்ததில்லை. காட்டியபோதெல்லாம் ‘அருமை’, ‘செம’, ‘சூப்பர்’ என்ற மூன்று சொற்களில் பேச்சை முடித்துக்கொண்டோம். இதை ஒருவர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

படக்கூடலுக்கான முறையை நானாகக் கற்பனை செய்யவில்லை. அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த நான்கு படிகளை நம் வசதிக்கேற்ப எடுத்துக்கொண்டேன். முதலில், படத்தில் தம்மைப் பிடித்து நிறுத்தியது எது என்பதைப் பார்ப்பவர்கள் சொல்ல வேண்டும். இரண்டாவதாக, எடுத்தவர் தமக்குள்ள ஐயத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவதாக, பார்த்தவர்கள் எடுத்தவரிடம் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. கடைசியாக, ‘இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?’ என்று கேட்டு, எடுத்தவர் சம்மதித்த பிறகே கருத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் படிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. நக்கீரர் வாழ்ந்த ஊரில் குற்றத்தைக் குற்றம் என்று சொல்ல அனுமதி எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நக்கீரர் குற்றம் கண்டது பாட்டின் பொருளில். தருமியின் தோற்றத்தையோ வறுமையையோ பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாமோ, படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, எடுத்தவரின் கேமரா விலையிலும் மாடலின் உடம்பிலும் போய் நின்ற கூட்டங்கள் உண்டு. அதனால் மாடலின் எடை, நிறம், பல்வரிசை ஆகியவற்றைப் பற்றிக் கூடலில் பேசுவதில்லை என்ற விதியையும் சேர்த்துக்கொண்டோம்.

இதனால் என்ன பயன் விளைந்தது என்று கேட்பவர்களுக்கு ஜூலை மாதக் கூடலைச் சொல்கிறேன். சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர் ஒருவர், தெப்பக்குளத்துப் படிக்கட்டில் மஞ்சள் புடவையில் அமர்ந்திருக்கும் மாடலின் படத்தைக் காட்டினார். மைய மண்டபம் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. புடவையின் ஓரத்தில் காலை வெயில் கோடிட்டதுபோல் ஓடியது. முதல் சுற்றில் எல்லோரும் அந்த வெயிலைத்தான் பாராட்டினோம். இரண்டாம் படியில் அவரே, ‘முகம் ஏன் உயிரில்லாமல் இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை’ என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியையான நம் உறுப்பினர் ஒருவர், ‘அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?’ என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் குனிந்து கீழ்ப்படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிழலில் இருந்த கருங்கல்லிலிருந்து கண்ணுக்குத் திரும்ப எந்த ஒளியும் இல்லை. கருவிழியில் விழ வேண்டிய வெளிச்சப் புள்ளி, நாம் கேட்ச்லைட் என்று சொல்வது, அந்தப் படத்தில் அறவே இல்லை. அடுத்த முறை அந்த இளைஞர் தம் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, மாடலுக்கு இரண்டு படி கீழே வெயில் படும் இடத்தில் விரித்தார். அதே படிக்கட்டு, அதே லென்ஸ், ஏறக்குறைய அதே நேரம். கண்ணில் புள்ளி விழுந்தது. தாடைக்குக் கீழிருந்த கருமையும் இளகியது. இரு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அறையில் இருந்த ஒன்பது பேரும் பேச்சில்லாமல் பார்த்தோம். ஒளியைத் திருப்பி முகத்தில் விழவைக்கும் ரிஃப்ளெக்டர் வாங்கப் பணமில்லை என்ற பேச்சு அன்றோடு நின்றது.

வெயிலின் நேரத்தைப் பற்றியும் கூடலில்தான் தெளிவு பிறந்தது. மதுரை வடக்கு அட்சரேகை 10 பாகைக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பதால், இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வராமல் ஏறக்குறைய நேர்செங்குத்தாக மேலே ஏறுகிறது. தொடுவானிலிருந்து 6 பாகை உயர அதற்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. வடநாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளைப் படித்துவிட்டுப் சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்னொளி நேரம் நீண்டிருக்கும் என்று நம்பி, ஏழரைக்கு வந்து எட்டு மணிக்குக் கேமராவை எடுத்தவர்கள் நாம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், புருவமே கண்ணுக்குக் கூரையாகிவிடுகிறது. அதனால் ஆகஸ்ட் முதல் பயிற்சி நேரத்தை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மாற்றினோம். அப்போது வருகை குறைந்தது, படங்கள் தேறின.

செப்டம்பர் கூடலுக்கு, எங்கள் அழைப்பை ஏற்று, அதுவரை இரண்டு முறை மாடலாக வந்த கல்லூரி மாணவி ஒருவர் தம் தாயாருடன் வந்திருந்தார். மே மாதம் கீழக்குயில்குடியில் எடுத்த அவருடைய படம் ஒன்றை, அதிலிருக்கும் ஏக்கம் நிறைந்த முகத்துக்காக, நாங்கள் எல்லோரும் ஆண்டின் சிறந்த படமாகக் கருதியிருந்தோம். அதை எடுத்தவனும் நானே. திரையில் அந்தப் படம் வந்ததும் அவர் சற்றுத் தயங்கி, ‘அப்ப கால் ரொம்பச் சுட்டுச்சு அண்ணா’ என்றார். காலை பத்தரை மணிக்குச் செருப்பில்லாமல் பாறை மேல் நிற்கவைத்திருக்கிறேன். ‘இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு’ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததால் அவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் படத்தை நான் வேறெங்கும் வைப்பதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, படமெடுக்கும் நொடி வரை மாடல் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலும் தண்ணீரும், எட்டரைக்கு மேல் வெயிலில் படப்பிடிப்பு இல்லை என்பவை எழுதப்பட்ட விதிகளாயின. விமர்சனம் என்றால் எடுத்தவரும் பார்த்தவரும் பேசுவது என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு, படத்துக்குள் நின்றவருக்கும் அதில் பேச்சு உண்டு என்பது அன்றுதான் உறைத்தது.

தோல் நிறம் பற்றிய விவாதம் இரண்டு கூடல்கள் நீண்டது. டிசம்பரில் காட்டப்பட்ட ஒரு படத்தில் மாடலின் கழுத்து நல்ல மாநிறத்திலும், முகம் அதைவிட இரண்டு படி வெளுத்தும் இருந்தது. எடுத்தவரிடம் கேட்டபோது, அப்படித்தான் எல்லோரும் விரும்புகிறார்கள் என்றார். இதில் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. படச்சுருள் காலத்தில் ஒளிப்படம் அச்சிடும் கூடங்கள் நிறம் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக்கின் ‘ஷெர்லி’ அட்டையில் பல ஆண்டுகளாக வெள்ளைத்தோல் பெண்களே இருந்தார்கள். கருவியின் அளவுகோலே நம்மை விட்டுவிட்டுத்தான் தொடங்கியது. ஒளியை அளக்கும் நம் கேமரா மீட்டரும், பின்னால் வெளுத்த வானம் இருந்தால், அதை அடக்கும் வேகத்தில் கறுத்த முகத்தை மேலும் கறுப்பாக்கிவிடும். பிறகு அதைக் கணினியில் இழுத்துத் தூக்கினால் தோல் சாம்பல் பூத்துவிடும். சாம்பலை மறைக்க வெளுப்பு. வழி, படப்பிடிப்பு இடத்திலேயே இருக்கிறது: வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது, முகத்துக்கே அளவெடுப்பது, சுண்ணாம்பு அடித்த சுவரின் எதிரே மாடலை நிறுத்தி அந்தச் சுவரையே விளக்காக்குவது. இவற்றைச் செய்து பிப்ரவரியில் அதே உறுப்பினர் எடுத்த படத்தில் மாநிறம் மாநிறமாகவே ஒளிர்ந்தது. முகத்தை வெளுப்பதைச் சங்கம் தடை செய்யவில்லை. ஆனால் கூடலில், கேமரா பதிந்தபடியே இருக்கும் திருத்தாத ரா கோப்பையும் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இனி, சொல்ல மனமில்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டிய செய்தி. பதிவேட்டில் நம் உறுப்பினர்கள் 41 பேர். பயிற்சிகளுக்குச் சராசரியாக 20 பேருக்கு மேல் வந்தார்கள். கூடலுக்கு 10 பேரைத் தாண்டியதில்லை. வந்தவர்களிலும் சிலர், தம் படம் முதலில் பேசப்பட்டதும் தேநீர் குடிக்கப் போவதாக எழுந்து, திரும்பவில்லை. நவம்பரில், கடைசியாகப் படம் காட்ட இரண்டு மணி நேரம் காத்திருந்த ஒரு பெண் உறுப்பினரின் படத்தைப் பார்க்க மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம். மற்றவர் எட்டுப் பேரின் படத்தையும் பொறுமையாகப் பார்த்துக் குறிப்பெழுதிக் கொடுத்தவர் அவர். அடுத்த மாதம் முதல் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம். சங்கத்தை நீதிமன்றமாக்கிவிட்டேன் என்று என்னைப் பற்றிச் சொல்பவர்கள், ஒரே ஒரு கூடலில் கடைசி வரை இருந்துவிட்டு அதைச் சொன்னால் நான் தலைவணங்கிக் கேட்டுக்கொள்வேன்.

மாடல்களுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியும் ஒரு சொல். ஊதியத்தைத் தவிர, இரண்டு வாரத்தில் பத்துப் படங்கள் தருவோம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறோம். உறுப்பினர் ஒருவர் நான்கு மாதம் கழித்தும் தரவில்லை. அந்த மாடல் தொலைபேசியில் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றவன் நான். அவர் பிறகு வரவில்லை.

ஆண்டுச் சந்தா ரூ.1,200. கட்டியவர்கள் 24 பேர். மற்ற 17 பேருக்கு மூன்று முறை நினைவூட்டப்பட்டது. பயிற்சி நாளன்று மாடல் ஊதியத்தில் தம் பங்கைக் கொடுத்துவிட்டதால் சந்தா வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுவதாகத் தெரிகிறது. அறை வாடகையும் படங்களைத் திரையில் காட்டும் திரைக்கருவியின் பழுதுச் செலவும் சந்தாவிலிருந்துதான் போகின்றன என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தா, நுழைவுக் கட்டணம், சிறு நன்கொடைகள் வழியாக வந்த தொகை பெரும்பாலும் வாடகைக்கும் மாடல் ஊதியத்துக்கும் செலவானது. ஏற்பட்ட சிறு பற்றாக்குறையைச் செயற்குழுவினர் இருவர் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டனர். தணிக்கை செய்யப்பட்ட விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

மாடியறையைக் குறைந்த வாடகைக்குத் தந்த டியூஷன் நிலையத்தாருக்கும், விடியற்காலையில் நமக்காக முன்கூட்டியே அடுப்பைப் பற்றவைத்த தெப்பக்குளத்துத் தேநீர்க் கடைக்காரருக்கும், நம்பி வந்த மாடல்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும், ஆலோசனை தந்த தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். என் பொறுப்புக் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது; மீண்டும் நிற்கும் எண்ணமில்லை. படக்கூடலில் பேசியதையெல்லாம் தேதி வாரியாக எழுதிய 200 பக்க நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. யாருடைய எந்தப் படத்துக்கு என்ன கேள்வி எழுந்தது, அடுத்த முறை அவர் என்ன மாற்றினார் என்பதெல்லாம் அதில் உண்டு. அதைத் தொடர்ந்து எழுத ஒருவரும், திரைக்கருவியைத் தூக்கிவந்து பொருத்த ஒருவரும் முன்வந்தால், செயலாளர் யாராக இருந்தாலும் கூடல் நடக்கும். முன்வராவிட்டால் பயிற்சிகளைப் பத்தாக்கிவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஓவிய ஆசிரியை கேட்டதுபோன்ற ஒரு கேள்வியைக் கேட்க நமக்கு வேறு இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூடல் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அதே மாடியறையில் நடைபெறும். ஒருவர் இரண்டு படங்கள், திருத்தாத கோப்புடன் கொண்டுவர வேண்டும். சந்தா நிலுவையை அன்றே பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். நோட்டை மேசை மேல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்
மதுரை