சிங்கப்பூர் வழியாகவே வாருங்கள்

ஆக்லாந்து, நியூசிலாந்து,
அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். துபாய் வழியாக டிக்கெட் சல்லிசாகக் கிடைக்கிறது என்று டிராவல்ஸ்காரர் சொன்னதாகச் சொன்னீர்களே, தயவுசெய்து அதை எடுக்க வேண்டாம். போனில் அவசரத்தில் சரியாக விளக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்னையிலிருந்து இங்கே நேர் விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 11,280 கிலோமீட்டர். அந்த நூல் சிங்கப்பூரை ஒட்டியே போகிறது. சென்னை–சிங்கப்பூர் 2,900 சொச்சம், அங்கிருந்து ஆக்லாந்து 8,400. கூட்டிப் பாருங்கள், நேர்கோட்டைவிட நூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. துபாய்க்கும் அதே 2,900 சொச்சம்தான், ஆனால் மேற்கே! கிழக்கே வர வேண்டியவர்கள் மேற்கே போய், அங்கிருந்து 14,200 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அது ஒரே மூச்சில் ஏறக்குறைய பதினாறு மணி நேரம். அம்மாவின் முழங்கால் அதைத் தாங்காது.

சிங்கப்பூர் என்றால் முதலில் நாலு மணி நேரம். இறங்கிக் காலை நீட்டி நடக்கலாம். அப்புறம் பத்து மணி நேரம். அந்தப் பத்தில் ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பகல் விமானமாக இருந்தால் அம்மாவுக்கு ஜன்னலோரம் கேளுங்கள். கீழே ஊரே இல்லாமல் செம்மண் விரிந்துகொண்டே போகும், நடுநடுவே வெள்ளையாக உப்பு ஏரிகள். எனக்கு அதைப் பார்த்து அலுத்ததே இல்லை. அது முடிந்தால் கடல், கடல் முடிந்தால் நாங்கள்.

திரும்பும்போது அதே தூரத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி கூடுதலாகும், பயப்பட வேண்டாம். இந்தப் பக்கத்து வானத்தில் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக வீசும். வரும்போது பின்னாலிருந்து தள்ளும், போகும்போது எதிர்த்து நிற்கும்.

நேரம்தான் கொஞ்சம் குழப்பும். செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நாங்கள் உங்களைவிட ஏழரை மணி நேரம் முன்னே, மற்ற மாதங்களில் ஆறரை. நீங்கள் ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டால் இங்கே விடியற்காலை நாலு மணி. மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடுங்கள், வேலை முடிந்து நிதானமாகப் பேசுவேன். இரவு பதினொன்றரைக்கு இங்கே இறங்கினால் உங்கள் உடம்புக்கு அது சாயங்காலம் நாலு மணிதான். தூக்கம் வராது, வராவிட்டால் பேசிக்கொண்டிருப்போம்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், பெட்டி நேராக இங்கே வந்துவிடும். அம்மாவுக்கு வீல்சேர் இப்போதே சொல்லி வையுங்கள். ஊறுகாய், பொடி எதுவானாலும் இங்கே நுழைவதற்கான படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். மறைத்தால் 400 டாலர் அபராதம். கறிவேப்பிலை, தேன் இரண்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு விடுவார்கள். டிக்கெட் போட்டதும் விமான எண்ணை அனுப்புங்கள், அன்றைக்கு லீவு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்