கண்மணி விரியுற சொட்டு மருந்தை சாதாரணமா நினைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மே மாசம் எங்க அக்கா பொண்ணுக்கு, 6 வயசு, கண்ணாடி பவர் பாக்கறதுக்கு முன்னாடி வீட்லயே போடச் சொல்லி அட்ரோபின்னு கண்மணிய விரிய வைக்கற சொட்டு மருந்து குடுத்தாங்க. குழந்தை அழுது முரண்டு பண்ணவும், மருந்து உள்ள போச்சோ இல்லையோன்னு அம்மா மறுபடி மறுபடி விட்டுட்டாங்க, கொஞ்ச நேரத்துல முகம் செக்கச்செவேல்னு ஆகி, நாக்கு வறண்டு, உடம்பு கொதிக்குது ஆனா ஒரு பொட்டு வேர்வை இல்ல. நாங்க வேலூர் வெயில்தானேன்னு மோர் குடுத்துட்டு உக்காந்திருந்தோம்! அப்புறம் டாக்டர்தான் சொன்னாரு, கண்ணுல விட்டது மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலந்திருக்கு, இந்த மருந்து வேர்வையையே நிறுத்திடும்னு.

சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு கூட வேணாம். விட்டதும் மூக்கோரம் இருக்கற கண் முனைய 2 நிமிஷம் விரலால அழுத்திப் பிடிங்க, கன்னத்துல வழிஞ்சத தொடச்சிட்டு கைய கழுவுங்க, குழந்தை கையையும்தான்.

பெரியவங்களுக்கு டெஸ்டுக்கு விடற மருந்து பல மணி நேரம் பார்வைய மங்கலாக்கும், அதோட பைக் எடுத்துட்டு கிரீன் சர்க்கிள் டிராஃபிக்குல போறவங்கள பாத்தா மனசு பதறுது, தயவுசெஞ்சு துணைக்கு ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்ப கெடுக்கற நோய் இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. விட்ட பிறகு கடுமையான கண் வலி, வாந்தி, லைட்ட சுத்தி வளையம் தெரிஞ்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

மெடிக்கல் கடைக்காரங்களும் பழைய சீட்ட பாத்து இத எடுத்துக் குடுக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி