நற்செய்தியை ஏளனத்தோடு சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த அமாவாசையன்று இராமேசுவரம் அக்கினி தீர்த்தக் கரையில், திதி கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடும் விரலில் ஒட்டிய எள்ளோடும் கரையேறிய பெரியவர் ஒருவரிடம், ஓர் இளைஞர் துண்டுப் பிரசுரத்தை நீட்டியதைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் செய்து முடித்திருந்த சடங்கை மூடத்தனம் என்று பழித்தது அதன் முதல் வரி. பெரியவர் அதை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவனான எனக்கு இது பெரும் வேதனையைத் தந்தது. நற்செய்தி சொல்லக் கூடாது என்பதன்று என் கருத்து. ஆண்டவரின் கட்டளை இருக்கிறது. பொது ஒழுங்குக்கு உட்பட்டுச் சமயத்தைப் பரப்பும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவும் தருகிறது. ஆனால், நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லும்படி பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் கேட்கிறதே, அது மட்டும் நமக்குக் கட்டளை இல்லையா? எபேசு பட்டணத்தில் பவுலின் தோழர்களுக்கு எதிராகக் கூட்டம் கொதித்தெழுந்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்லர் என்று அந்நகரத்து அதிகாரியே எடுத்துச் சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் ஊர்க் கோயில் குருக்கள் ஒருவர் இன்று நம்மைப் பற்றி அப்படிச் சாட்சி சொல்வாரா?

நம் மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டு இறந்த கத்தோலிக்கக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), கொள்கையில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். அதற்காகவே உயிரையும் கொடுத்தார். போர்த்துகலில் பிறந்த அவர், காவி உடுத்தி, புலால் விலக்கி, தமிழ் கற்று, இம்மண்ணின் மக்கள் மதிக்கும் துறவு வாழ்வை மேற்கொண்டே போதித்தார். கேட்பவரை அறிந்துகொள்ள அவர் பட்ட பாட்டில் ஒரு பங்காவது நாம் படுகிறோமா?

எங்கள் பகுதி விசைப்படகுகளில் மூன்று சமயத்தவரும் சேர்ந்தே தொழிலுக்குப் போகிறார்கள். வலை விட்டுக் காத்திருக்கும் இரவில், “ஏண்ணே, ஞாயித்துக்கிழமைன்னா கடலுக்கு வரமாட்டேங்கிறீக?” என்று உடன் வந்தவர் கேட்கும்போது, ஆண்டவர் தனக்குச் செய்ததை அமைதியாகச் சொல்லி, அவருடைய நேர்ச்சையைப் பற்றியும் அக்கறையோடு கேட்டறிகிற மீனவர்கள் இங்கு உண்டு. அவர்கள் பேச்சால் எந்த நட்பும் முறிந்ததாக நான் அறியேன்.

ஆகவே, பிரசுரங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் பிற சமயத்து நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து அவர் மனம் நோகும் வரிகளை நீக்கும்படியும், அமாவாசை நாட்களில் தீர்த்தக் கரைக்கும் எந்நாளும் ஏர்வாடி தர்கா வாசலுக்கும் பிரசுரங்களோடு போவதைத் தவிர்க்கும்படியும், இக்கரையோரத்துச் சபைப் போதகர்களையும் பங்குத் தந்தையரையும் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.