பால் ஒதுக்கும் காலமும் லேபிளின் மற்ற வரிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கால்நடை வளர்ப்புப் பக்கங்களில் மருந்தின் பெயரும் அளவும் தவறாமல் இடம்பெறுகின்றன. மருந்து கொடுத்த மாட்டின் பாலை எத்தனை நாள் விற்காமல் ஒதுக்க வேண்டும் என்பதுதான் பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது. அதுதான் மருந்தின் லேபிளிலேயே இருக்கிறதே எனலாம். இருக்கிறது, ஆனால் அந்த எண்ணை மற்ற வரிகளிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது.

லேபிளில் 72 மணி நேரம் என்றிருந்தால், அதில் குறித்த இனத்துக்கு, குறித்த அளவில், குறித்த வழியில், குறித்த நாட்களுக்கு மருந்து செலுத்தியிருந்தால் மட்டுமே அது பொருந்தும். சீக்கிரம் குணமாகட்டும் என்று அளவைக் கூட்டினாலோ, தசையில் போட வேண்டிய ஊசியைத் தோலுக்கடியில் போட்டாலோ, மருந்து உடலை விட்டு நீங்கும் வேகம் மாறக்கூடும் என்பதால், புதிய காலத்தைக் கால்நடை மருத்துவர்தான் கணித்துச் சொல்ல வேண்டும். கணக்கு கடைசி ஊசியிலிருந்து தொடங்குகிறது: திங்கள் மாலை 6 மணிக்குக் கடைசி ஊசி போட்டால், வியாழன் காலைப் பாலும் விற்பனைக்கு ஆகாது. மடிநோய்க்காக ஒரே காம்பில் மருந்து ஏற்றியிருந்தாலும் நான்கு காம்புகளின் பாலையும் ஒதுக்க வேண்டும். காய்ச்சினால் போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் எச்சங்கள் கொதிநிலையிலும் முழுதாக அழிவதில்லை. அத்தகைய பாலில் உறை சரியாகத் தோயாமல் போவதுண்டு. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ அது ஆபத்தாகவே முடியலாம்.

மருந்தின் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே குழப்பமும் வருகிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்து ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் உள்ளதாகவும், நீண்ட நேரம் வேலை செய்யும் 200 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. ஒன்றின் அளவை நினைவில் வைத்து மற்றொன்றைச் செலுத்தினால் நான்கு மடங்கு வேறுபாடு. மடிக்குள் செலுத்தும் டியூப்களிலும் கறவை மாட்டுக்கு உரியவை வேறு, பால் வற்றிய மாட்டுக்கு உரியவை வேறு. பின்னதில் மருந்து வாரக்கணக்கில் மடியில் தங்குமாறு தயாரிக்கப்படுவதால், அதைக் கறக்கும் மாட்டுக்கு ஏற்றுவது பெரும் தவறு. இறைச்சிக்கான காலமும் பாலுக்கான காலமும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படிப்பது எளிது.

செலுத்துபவருக்கான எச்சரிக்கையைத்தான் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. மாட்டைச் சினைப் பருவத்துக்கு வரச் செய்யும் புரோஸ்டாகிளான்டின் ஊசி மருந்து மனிதத் தோலின் வழியாகவும் உட்புகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைக் கையாளவே கூடாது. வீட்டுப் பெண்களே மாட்டைக் கவனித்துக்கொள்ளும் பண்ணைகளில் இது சிறிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தியா?

ஆகவே, தங்கள் இதழில் இனி எந்தக் கறவை மாட்டு மருந்தின் பெயரை வெளியிட்டாலும், எந்த அளவுக்கும் வழிக்கும் உரியது என்ற குறிப்போடு பால் ஒதுக்கும் காலத்தையும் அதே வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால் பண்ணை வைத்திருக்கும் ஒரு வாசகர்