சனிக்கிழமை கெய்லிக்கு வருபவர்களுக்கு

நண்பர்களே, ஐரிஷ் நடனம் என்றதும் 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டி மேடையில் வந்த ரிவர்டான்ஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது, அந்த வேகத்தைப் பார்த்துத் தயங்கவே வேண்டாம். நாம் போவது கெய்லிக்கு, ஊரே சேர்ந்து ஆடும் கூட்டு நடனம் அது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

'மூன்று', 'ஏழு' என்ற இரண்டு அடவுகளை மட்டும் வீட்டில் பழகுங்கள். மூன்று என்பது மூன்று எண்ணிக்கைக்கு வைக்கும் சின்ன அடிகள். ஏழு என்பது பக்கவாட்டில் ஏழு எண்ணிக்கைக்கு நகர்வது, அதன் முடிவில் நின்ற இடத்திலேயே இரண்டு 'மூன்று' போட வேண்டும். முதலில் பெரும்பாலும் 'வால்ஸ் ஆஃப் லிமரிக்' என்ற நடனத்தை ஆடுவார்கள், எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புது ஜோடி எதிரே வந்து நிற்கும், முன்பின் தெரியாதவர்களோடும் கைகோத்து ஆடிவிடுவோம்.

ஷூவின் அடிப்பாகம் வழவழப்பாக இருக்கட்டும். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், முழங்காலுக்கு நல்லதில்லை. தண்ணீர் பாட்டில் அவசியம். ஜோடி இல்லாதவர்களும் தாராளமாக வரலாம், அங்கேயே யாராவது கூப்பிடுவார்கள்.

அப்புறம், ஆர்வம் வந்துவிட்டால் ஜூலையில் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973 முதல் நடந்துவரும், ஐரிஷ் இசையும் நடனமும் கற்றுத்தரும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்கும் போகலாம். வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயர் போடுங்கள்.